நகராட்சியே இணையம் விற்கலாமா? மூன்று வழிகளும் சில ஊர்களும்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பைன்டாப்ஸ் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 1,300. பக்கத்து நகரமான வில்சன்தான் அந்த ஊருக்கு மின்சாரம் தருகிறது. 2016-இல் வில்சன் நகராட்சி தன் ஃபைபர் (கண்ணாடி இழை) இணையத்தையும் அங்கே கொண்டுபோனது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நகராட்சிகள் இன்ன எல்லைக்குள்தான் இணையம் விற்கலாம் என்று மாநிலம் போட்ட சட்டம் செல்லும் என்பது அதன் சாரம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. விற்கத்தானே தடை என்று வில்சன் கொஞ்ச காலம் இலவசமாகவே கொடுத்துப் பார்த்தது. 2017-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தது: தனியார் கம்பெனி ஒன்று அந்த ஊருக்கு வந்து சேரும் வரை வில்சன் விற்கலாம், அதன்பின் விலகிவிட வேண்டும்.

இணையம் கொடுப்பதில் உள்ளூர் அரசு தனியாரோடு போட்டி போடலாமா என்ற கேள்வியில் இவ்வளவு வழக்கும் சட்டமும் ஏன் வருகின்றன என்றால், இதில் இரு தரப்புக்கும் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. பல ஊர்கள் பல வழிகளில் போய்ப் பார்த்துவிட்டதால் கையில் அனுபவமும் இருக்கிறது. வழிகள் மூன்று. ஒன்று, எல்லாவற்றையும் தனியாரிடம் விட்டு, தேவைப்பட்டால் மானியம் கொடுப்பது. இரண்டு, நகராட்சியே ஒயர் இழுத்து, வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்து, மாத பில் போடுவது. மூன்று, நகராட்சி ஒயரை மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயரும் அது போகும் குழாயும் ஊரின் சொத்தாக இருப்பது நல்லது. வீட்டுக்கு வீடு விற்கும் வியாபாரத்தில் நகராட்சி இறங்குவது, சொந்தமாக மின்சார நிறுவனம் வைத்திருந்து கணக்கையும் திறந்து காட்டும் ஊர்களுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற ஊர்கள் அதைத் தொட்டால் கடனில்தான் முடிய வாய்ப்பு அதிகம்.

தனியாரிடம் விட்டால்

இதற்குச் சொல்லப்படும் காரணம் வலுவானது. நஷ்டம் வந்தால் அது பங்குதாரர்களின் பணம், ஊர்மக்களின் வரிப்பணம் அல்ல. தொழில்நுட்பம் மாறினால் மாற்றிக்கொள்ளும் பொறுப்பும் அவர்களுடையது. நகராட்சிக்குத் தண்ணீர், குப்பை, சாக்கடை என்று ஆயிரம் வேலை இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நெருக்கமாக வீடுகள் உள்ள, வருமானம் நன்றாக உள்ள பகுதிகளில் இந்த ஏற்பாடு ஓரளவு வேலை செய்கிறது.

சிக்கல் மற்ற இடங்களில். ஃபைபர் போடுவதில் பெரும் செலவு கண்ணாடி இழைக்கு அல்ல, பள்ளம் தோண்டவும் கம்பங்களில் ஏற்றவும்தான். அந்தச் செலவை ஒருவர் செய்து முடித்த தெருவில் இரண்டாமவர் அதே செலவைச் செய்தால், அதே வீடுகளைப் பங்குபோட்டுத்தான் பணத்தைத் திருப்பி எடுக்க வேண்டும். ஆகவே இரண்டாமவர் பெரும்பாலும் வருவதில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊருக்கு முதலாமவரே வருவதில்லை. வில்சன் நகராட்சி எடுத்த எடுப்பில் போட்டிக்கு இறங்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த டைம் வார்னர் கேபிள், எம்பார்க் இரண்டையும் அணுகி, சேர்ந்து செய்யலாமா என்று கேட்டது. அவர்கள் ஆர்வம் காட்டாத பிறகுதான் 2008-இல் 'கிரீன்லைட்' என்ற பெயரில் சொந்தச் சேவையைத் தொடங்கியது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 2011-இல், இனி எந்த நகராட்சியும் வில்சன் போலச் செய்ய முடியாதபடி மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆளுநர் அதில் கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவும் இல்லை. அப்படியே சட்டமாகிவிட்டது.

மாநிலங்கள் இப்படித் தடுக்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004-இலேயே, மிசௌரி நகராட்சிகள் சம்பந்தப்பட்ட வழக்கில், தடுக்கலாம் என்று 8-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. 2015 பிப்ரவரியில், தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் டென்னசி, வட கரோலினா சட்டங்களை 3-க்கு 2 வாக்கில் செல்லாதவை ஆக்கியது. அந்த உத்தரவைத்தான் 2016 தீர்ப்பு ரத்து செய்தது. பைன்டாப்ஸ் மாட்டிக்கொண்டது இந்த இடைவெளியில்தான்.

தனியார் வழியில் அரசுப் பணம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2020-இல் கிராமப்புற இணையத்துக்காக நடந்த ஏலத்தில் பத்து ஆண்டுகளுக்கு சுமார் 920 கோடி டாலர் மானியம் கம்பெனிகளுக்கு ஒதுக்கப்பட்டது. பெரிய தொகைக்கு வென்ற எல்டிடி பிராட்பேண்ட், ஸ்டார்லிங்க் இரண்டின் விண்ணப்பங்களையும் 2022-இல் ஆணையமே நிராகரித்தது. சொன்னதைச் செய்து முடிப்பார்கள் என்ற நம்பிக்கை ஆணையத்துக்கு வரவில்லை. 2021-இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் இன்னும் 4,245 கோடி டாலரை இதே நோக்கத்துக்கு ஒதுக்கியது. பொதுப்பணம் இரண்டு வழியிலும் போகிறது என்றால், வேலை முடிந்தபின் ஒயர் யாருடைய சொத்து என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. மானிய வழியில் அது கம்பெனியின் சொத்து.

நகராட்சியே விற்றால்: சட்டனூகா

இந்த வழியை ஆதரிப்பவர்கள் எல்லோரும் கைகாட்டும் ஊர் டென்னசி மாநிலத்தின் சட்டனூகா. அங்கே மின்சாரம் தருவது 1935-இல் உருவான, நகரத்துக்குச் சொந்தமான மின் வாரியம், சுருக்கமாக ஈபிபி. அது இணைய வியாபாரத்துக்காக மட்டும் ஃபைபர் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புயல் அடித்து மரம் விழுந்தால் எந்த இடத்தில் மின்கம்பி அறுந்தது என்று தானாகக் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் விலக்கி, மற்ற வீடுகளுக்கு வேறு பாதையில் மின்சாரத்தைத் திருப்பும் சுவிட்சுகளை வைக்கத் திட்டமிட்டார்கள். அந்தச் சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஃபைபர் வேண்டும். மின் வலையமைப்புக்குப் போடும் ஃபைபரில் ஏராளமான கொள்ளளவு மிச்சம் இருக்கும். அதை வீடுகளுக்கு விற்கலாம். கணக்கு இதுதான்.

2008-இல் கேபிள் கம்பெனியான காம்காஸ்ட் நீதிமன்றம் போனது. மின்கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் இணையத் தொழிலுக்கு மானியம் போகும் என்பது வாதம். வழக்கு தள்ளுபடியானது. பொருளாதார மந்தநிலையைச் சமாளிக்க ஒபாமா அரசு ஒதுக்கிய நிதியிலிருந்து 11.15 கோடி டாலர் கிடைத்தது, மீதிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். 2010 செப்டம்பரில், சுமார் 600 சதுர மைல் பரப்பில் உள்ள எந்த வீட்டுக்கும் கடைக்கும் ஒரு ஜிகாபிட் வேகம் தர முடியும் என்று ஈபிபி அறிவித்தது. அமெரிக்காவில் அதுவரை எந்த நகரமும் அப்படிச் சொன்னதில்லை. ஊரின் நடுவில் மட்டும் இல்லை, மலையடிவாரப் பண்ணை வீட்டுக்கும் அதே வேகம், அதே விலை.

அந்த விலை முதலில் மாதம் 350 டாலர். வாங்கியவர்கள் குறைவு. 2013-இல் அதை 70 டாலராக இறக்கினார்கள். காம்காஸ்ட் 2015-இல் இரண்டு ஜிகாபிட் சேவையை அங்கே கொண்டுவந்தபோது அதன் விலை சுமார் 300 டாலர். போட்டி வந்ததும் தனியாரும் வேகத்தைக் கூட்டினார்கள் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஈபிபி வாடிக்கையாளரே ஆகாதவர்களுக்கும் இதில் பலன் இருந்தது.

டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகத்தைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ, முதல் பத்து ஆண்டில் ஊருக்குக் கிடைத்த நன்மை 269 கோடி டாலர் என்று 2020-இல் கணக்கிட்டார். இப்படிப்பட்ட பெரிய கூட்டுத்தொகைகளில் பல அனுமானங்கள் கலந்திருக்கும், எனவே அதை அப்படியே சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. என்னை அதைவிட அதிகம் தொட்டது வேறொன்று. கொரோனாவில் பள்ளிகள் மூடிய 2020-இல், இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 28,000 பேருக்கு வீட்டில் இலவச இணையம் தரும் திட்டத்தை ஈபிபி மற்ற உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து சில மாதங்களில் தொடங்கிவிட்டது. ஒயர் ஏற்கெனவே ஒவ்வொரு தெருவிலும் இருந்தது. முடிவெடுக்க வேண்டியவர்கள் அதே ஊரில் இருந்தார்கள். வேறொரு நகரத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனியிடம் இதைக் கேட்டு வாங்கியிருக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும்?

சரி, இது எல்லா ஊருக்கும் வருமா? அந்த 11 கோடி எல்லோருக்கும் கிடைக்காது. அதைவிட முக்கியம், மின்கம்பங்கள், பில் போடும் அலுவலகம், மழையில் கம்பம் ஏறும் ஆட்கள், 70 ஆண்டுப் பழக்கமான வாடிக்கையாளர்கள், எல்லாமே ஈபிபியிடம் முன்பே இருந்தன. வில்சனும் அப்படித்தான். லூசியானாவின் லாஃபயெட்டும் அப்படித்தான். அங்கே 2005-இல் ஊர் வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் ஆதரித்த பிறகும் வழக்குகளால் சேவை தொடங்க 2009 ஆனது.

அதே வழி, வேறு முடிவு

மின்னசோட்டாவின் மான்டிசெல்லோ கதையைப் படிக்காமல் யாரும் இந்த வழியைப் பரிந்துரைக்கக் கூடாது. சிறிய ஊர். 2007 வாக்கெடுப்பில் 74 சதவீதம் பேர் நகராட்சி ஃபைபர் வேண்டும் என்றார்கள். சுமார் 2.6 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டார்கள். உள்ளூர்த் தொலைபேசிக் கம்பெனி டிடிஎஸ் வழக்குப் போட்டது. வழக்கில் நகராட்சிதான் வென்றது. ஆனால் வழக்கு நடந்த காலத்தில் நகராட்சியின் வேலை நின்றது, டிடிஎஸ் தானே ஊரில் ஃபைபர் போட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் கேபிள் கம்பெனி சார்ட்டர் மாதம் 60 டாலருக்கு ஒரு சலுகை கொண்டுவந்தது, மற்ற ஊர்களில் வாங்கியதில் பாதிக்கும் குறைவு. ஒரு சின்ன ஊரில் மூன்று பேர் அடித்துக்கொண்டால் யாருக்கும் கட்டுபடி ஆகாது. பெரிய கம்பெனிகள் மற்ற ஊர் லாபத்தில் தாங்கிக்கொள்ளும். நகராட்சிக்கு வேறு ஊர் கிடையாது. 2012-இல் பத்திரங்களுக்குத் தவணை கட்டுவது நின்றது. கடைசியில் முதலீட்டாளர்கள் 57.5 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் ஆனார்கள்.

மான்டிசெல்லோ மக்கள் தோற்றார்களா என்றால், குறைந்த விலையில் நல்ல இணையம் அவர்களுக்குக் கிடைத்தது. தோற்றது பத்திரம் வாங்கியவர்களின் பணமும் ஊரின் நாணயமும். இதை வெற்றி என்று சொல்லிக்கொள்பவர்களும் உண்டு, எனக்கு அது சம்மதமில்லை. அடுத்து ஒரு குடிநீர்த் தொட்டி கட்டக் கடன் கேட்கும்போது அந்தப் பழைய தவணை எல்லோருக்கும் நினைவுக்கு வரும்.

வெர்மான்ட்டின் பர்லிங்டன் இன்னும் மோசமான பாடம். அங்கே சொந்த மின்துறை இருந்தது, ஆனால் இணையப் பிரிவு தனியாக ஓடியது. பணம் பற்றாதபோது நகராட்சியின் பொதுக் கையிருப்பிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் அதற்குப் போனது. அது மக்களுக்கும் நகர்மன்றத்தில் பலருக்கும் பிறகுதான் தெரிந்தது. அதற்கு நிதி கொடுத்திருந்த சிட்டிபேங்க் 3.35 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட, 2014-இல் 1.05 கோடிக்குச் சமரசம். இதற்கிடையில் ஊரின் கடன் தரமதிப்பீடு சரிந்தது. 2019-இல் சேவையையே ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். இணையத் தரம் அங்கே மோசமில்லை. கணக்கை மறைத்ததுதான் அந்த ஊரை வீழ்த்தியது.

ஒயர் ஊருக்கு, வியாபாரம் மற்றவர்களுக்கு

நம் ஊர்களில் பேருந்து நிலையம் நகராட்சியுடையது. அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே வரும். மூன்றாவது வழி ஏறக்குறைய அப்படி.

இதை மிக நீண்ட காலம் செய்து காட்டியிருப்பது சுவீடனின் ஸ்டாக்ஹோம். 1994-இல் நகரம் தொடங்கிய ஸ்டோகாப் நிறுவனம் வெறும் கண்ணாடி இழையை மட்டும் வாடகைக்குத் தருகிறது. இழையின் இரு முனையிலும் கருவி வைத்து ஒளி அனுப்புவது வாடகைக்கு எடுத்தவர் வேலை. வீட்டுக்காரருக்கு ஸ்டோகாப் பில் அனுப்புவதே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதன் வாடிக்கையாளர்கள், பெரிய கைபேசி நிறுவனங்கள் உட்பட. ஆளாளுக்குத் தெருவைத் தோண்டுவதும் குறைந்தது. ஸ்டோகாப் லாபத்திலும் இயங்குகிறது. முதலில் அலுவலகங்களையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் பிடித்து, வருமானம் வர வர வலையைப் பெருக்கினார்கள். வீடுகள் பிறகுதான் வந்தன.

யூட்டாவின் புரோவோவும் பெயரளவில் இதே வழிதான். ஆனால் விரும்பித் தேர்ந்ததல்ல. நகராட்சிகள் நேரடியாக விற்கக் கூடாது என்று 2001-இல் வந்த மாநிலச் சட்டம் அவர்களை இந்த வழிக்குத் தள்ளியது. 3.95 கோடி டாலர் கடனில் முதலிலேயே வீடுகளுக்கு ஃபைபர் போட்டுவிட்டு, விற்க வரும் சில்லறைக் கம்பெனிகளை எதிர்பார்த்து நின்றார்கள். வந்தவை சிறியவை, நிலைக்கவில்லை. 2008-இல் விற்றார்கள், வாங்கியவர் பணம் கட்டத் தவறி மீண்டும் நகராட்சிக்கே திரும்பியது. 2013-இல் கூகுள் ஃபைபர் அதை ஒரு டாலருக்கு வாங்கியது. கடன் மட்டும் ஊரோடு தங்கியது. வீட்டுக்கு மாதம் 5.35 டாலர் என்று பில்லில் சேர்த்து அடைத்தார்கள். ஸ்டாக்ஹோமுக்கும் புரோவோவுக்கும் உள்ள வேறுபாடு வேகத்திலோ தரத்திலோ இல்லை. வாடகைக்கு வருபவர் யார் என்று தெரிந்துகொண்டு கட்டுவதற்கும், கட்டிவிட்டு ஆள் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

இதைச் சில ஊர்கள் நன்றாகப் புரிந்துகொண்டன. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் மின் நிறுவனம் தன் மின் வலையமைப்புக்காக ஃபைபர் போடும்போதே, 2016-இல் கூகுள் ஃபைபரை முதல் வாடகைதாரராகப் பிடித்து வைத்தது. வேறு கம்பெனிகளும் வரலாம் என்ற உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. மேரிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற சின்ன ஊர் டிங் என்ற இணைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், வருமானம் கடன் தவணைக்குக் குறைந்தால் அந்த நிறுவனமும் ஈடுகட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியது. என் பார்வையில் மூன்றாவது வழியின் உயிர் இந்த இரண்டு நிபந்தனைகளில்தான் இருக்கிறது: ஒயர் போடுமுன் வாடகைதாரர், நஷ்டத்தில் அவருக்கும் பங்கு.

அரசு கையில் ஒயர் இருந்தால் வரும் பயம்

பணத்தைவிட எனக்குக் கனமாகத் தெரியும் ஆட்சேபம் ஒன்று உண்டு. தெருவைத் தோண்ட அனுமதி தருவது நகராட்சி. கம்பத்தில் இடம் தருவது நகரத்தின் மின் நிறுவனம். அதே நகராட்சி போட்டியாளராகவும் இருந்தால், எதிராளியின் விண்ணப்பம் மேசையில் எத்தனை நாள் கிடக்கும்? கம்பெனிகள் இதை எழுப்பும்போது அது வெறும் சாக்கு அல்ல.

இன்னொன்று, ஒயரை வைத்திருப்பவர் அதில் எது வரலாம் என்றும் தீர்மானிக்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-இல் பிறந்து, கொஞ்ச காலம் முடங்கி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு மறுபடி வந்தது. தனியார் கேபிளில் இருந்த ஏகபோகத்துக்கு அது ஒரு விடை, ஏழை வீடுகளுக்குப் பெரிய நிவாரணம். அதே சமயம், ஆட்சிக்குப் பிடிக்காத செய்திச் சேனல்கள் அந்த கேபிளில் பின்னுக்குத் தள்ளப்பட்டன, காணாமல் போயின என்ற புகார்களும் வந்துகொண்டே இருந்தன. மாநில அரசுகளை இந்தத் தொழிலில் விடக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-இலும் 2012-இலும் பரிந்துரைத்ததற்கு இந்த அச்சம்தான் அடிப்படை.

இணையத்திலும் இந்த அச்சம் உண்டு. அரசே விற்பனையாளராக இருக்கும்போது அது கூடுகிறது. ஒரே இழைக்கட்டில் பத்து கம்பெனிகள் வாடகைக்கு இருந்தால் ஒரு கம்பெனியைப் பிடித்து எதையும் மறைத்துவிட முடியாது. மூன்றாவது வழியை நான் விரும்ப இதுவும் ஒரு காரணம்.

மக்களிடம் கேட்பது இந்த அச்சத்தை ஓரளவு குறைக்கும். கொலராடோவில் 2005 முதல் 2023 வரை, வாக்கெடுப்பு நடத்தாமல் நகராட்சி இணையத்தில் இறங்க முடியாது என்று சட்டம் இருந்தது. கம்பெனிகள் அதைத் தடையாக நினைத்தன. 2017-இல் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் எதிர்ப் பிரசாரத்துக்கு மட்டும் சுமார் 9 லட்சம் டாலர் செலவானது. ஆனாலும் 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அந்தச் சட்டம் கெட்ட நோக்கத்தில் வந்ததாகவே இருக்கட்டும், இவ்வளவு பெரிய கடனை எடுக்குமுன் ஊரைக் கேட்பது தவறில்லை.

நம் ஊர் நகராட்சிகளுக்கு

சட்டனூகாவின் வழி தமிழ்நாட்டு மாநகராட்சிகளுக்கு இல்லை. மின்சாரம் இங்கே மாநில நிறுவனத்தின் கையில். கம்பமும் பில்லும் மின் ஊழியரும் கோவைக்கோ மதுரைக்கோ சொந்தமில்லை. கேரளம் தன் அரசு ஃபைபர் வலையமைப்பான கே-ஃபோனை மின் வாரியக் கம்பங்களின் வழியே மாநில அளவில் கொண்டுபோனது இதனால்தான். ஒரு மாநகராட்சி தனியாக வீட்டு இணையம் விற்க இறங்கினால் அது மான்டிசெல்லோவின் பாதையில் போகும்.

தெரு மட்டும் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீருக்கும் தோண்டிய பள்ளத்தை மூடுமுன், ஓரமாக ஒரு காலிக் குழாயைப் போட்டுவிடலாம். ஃபைபர் கூட வேண்டாம், குழாய் மட்டும் போதும். பள்ளம் எப்படியும் தோண்டியாகிவிட்டது என்பதால் கூடுதல் செலவு சிறிது. பிறகு வரும் கம்பெனிகளுக்கு ஒரே விலையில் வாடகைக்கு விடலாம், பெரிய நிறுவனத்துக்கும் தெருமுனை கேபிள்காரருக்கும் அதே கட்டணம். எந்தத் தெருவில் குழாய் இருக்கிறது, யாருக்கு எவ்வளவுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை நாளில் அனுமதி தரப்பட்டது என்ற பட்டியலை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். அடுத்த முறை உங்கள் தெருவில் பள்ளம் தோண்டும்போது, மூடுவதற்குள் கவுன்சிலரிடம் இதைக் கேட்கலாம்.